மலைக்கும் மலைக்கும் நடுவே

சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே எட்டுவழிச் சாலை வரப்போகிறது என்று 2018-ல் அறிவிப்பு வந்தபோது, மஞ்சவாடி முதல் அரியானூர் வரை டீக்கடைக்கு டீக்கடை ஒரு கணக்கு ஓடியது. சாலையின் மொத்த நீளம் 277 கிலோமீட்டர். அதில் காப்புக்காட்டுக்குள் போவது பத்துப் பதின்மூன்று கிலோமீட்டர்தான். அழியப்போகும் காடு, முதலில் வந்த அறிக்கையின்படியே பார்த்தாலும், சுமார் 120 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் முந்நூறு. பாதையைக் கொஞ்சம் மாற்றி இதையும் குறைத்துவிட்டோம் என்றார்கள் பிறகு. சேர்வராயனும் சித்தேரியும் கல்வராயனும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கையில், முந்நூறு ஏக்கருக்கா இத்தனை கூப்பாடு? நிலம் பறிபோகிற விவசாயி கொதிப்பது புரிகிறது. காட்டெருமைக்கும் கரடிக்கும் என்ன குறைந்துவிடப் போகிறது?

கேலிக்காகக் கேட்டவர்களும் உண்டு, உண்மையாகவே புரியாமல் கேட்டவர்களும் உண்டு. கணக்கில் தப்பில்லை. தப்பான ஒன்றை அளந்துவிட்டு வந்த கணக்கு அது. காட்டுக்கு ஒரு சாலை என்ன செய்கிறது என்பதை ஏக்கரால் சொல்ல முடியாது. அந்த ஏக்கர் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். சூழலியல் படித்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வாழிட இணைப்பு.

சேலம், நாமக்கல் சமவெளியை ஒருமுறை மனக்கண்ணில் மேலிருந்து பார்த்துக்கொள்வோம். வடக்கே ஏற்காட்டைத் தலையில் தாங்கிய சேர்வராயன் மலை. அதற்கும் கிழக்கே சித்தேரி மலைக்கும் நடுவில் இடுங்கிப் போகிறது மஞ்சவாடி கணவாய். அரூர் சாலை அதன் வழியாகத்தான். சித்தேரியைத் தாண்டினால் கல்வராயன். தெற்கே வந்தால், சேலம் நகரை ஒட்டி ஜருகுமலை, அதற்கப்பால் போதமலை, பிறகு கொல்லிமலை, இன்னும் கிழக்கே பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலை என்று புத்தகத்தில் எழுதுகிறோம். இங்கே தொடர்ச்சி எதுவும் இல்லை, தனித்தனி மலைகள்தான். நடுவே நெல், மரவள்ளி, பாக்குத் தோப்பு, கோழிப்பண்ணை, ஊர்கள். ஊர்களுக்கு நடுவே ஆங்காங்கே கரடுகள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டுமென்றால், கரடு என்பது சமவெளியில் தனித்து நிற்கும் பாறைக்குன்று. அரப்பு மரமும் முட்புதரும் மண்டியிருக்கும்.

இந்த மண்ணில் ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாழிட இணைப்பை விளக்குவது சுலபம். மழை மலையில் பெய்கிறது. ஓடை வழியே முதல் ஏரி நிறைகிறது. கலங்கல் வழிந்து வாய்க்காலில் அடுத்த ஏரிக்குப் போகிறது. இந்த வாய்க்கால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஏரியின் பரப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தை யாரோ அடைத்து வீட்டுமனை போட்டால், கீழே இருக்கும் ஏரியின் பரப்பு ஒரு சென்ட்டும் குறையாது. கிராமக் கணக்கில் அதே சர்வே எண், அதே ஏக்கர். தண்ணீர் மட்டும் வராது. ஜருகுமலையின் அடிவாரத்தில் இருக்கும் பனமரத்துப்பட்டி ஏரி ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் கொடுத்தது. வரத்துக் குறைந்தபின் ஆண்டுக்கணக்கில் வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. ஏரி எங்கும் போய்விடவில்லை. மலைக்காடுகளின் கதையும் இதுதான். வாய்க்காலில் தண்ணீர் போகிறது, மலைக்கும் மலைக்கும் நடுவில் விலங்குகளும் அவற்றின் மரபணுக்களும் போகின்றன.

இனி ஏக்கர் கணக்குக்கே வருவோம். காட்டுக்குள் 70 மீட்டர் அகலத்தில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை போனால், போகும் காடு 70 ஹெக்டேர். அதே 70 ஹெக்டேரைக் காட்டின் ஓரத்தில் ஒரே சதுரமாக வெட்டி ஒரு தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். சதுரத்தின் ஒரு பக்கம் 840 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். பதிவேட்டில் இரண்டும் ஒன்றே, இழப்பீட்டுத் தொகையும் ஒன்றே. ஆனால் சதுரம் மூன்று பக்கம் காட்டோடு உரசினாலும் அந்த எல்லை இரண்டரை கிலோமீட்டர்தான். சாலையோ இருபுறமும் சேர்த்து 20 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டோடு உரசுகிறது.

எல்லை நீண்டால் என்ன? காட்டின் ஓரம் காட்டின் உள்ளே மாதிரி இருக்காது. வெயில் இறங்கும், காற்று நுழையும், மண் காயும். உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் முதலில் வேர் பிடிக்கும் இடம் அதுதான். இரைச்சலும் முகப்பு விளக்கும் வேறு. இதை விளிம்பு விளைவு என்பார்கள். இது நூறு மீட்டர் உள்ளே போகிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், சதுரத்தைச் சுற்றிக் கெடுவது சுமார் 27 ஹெக்டேர். சாலையின் இருபுறமும் கெடுவது 200 ஹெக்டேர். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபோர்மன் என்ற சூழலியலாளர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு நெடுஞ்சாலையை அளந்து 2000-ல் எழுதினார்: சாலையின் பாதிப்பு எட்டும் பகுதியின் சராசரி அகலம் ஏறக்குறைய 600 மீட்டர். சாலையின் அகலத்தைப் போல அது பல மடங்கு.

இதுகூட இன்னும் பரப்பளவுக் கணக்குதான். இரண்டாவது பாதிப்பு, துண்டாதல், வேறு வகை. சதுரம் வெட்டிய காடு கொஞ்சம் சிறிய ஒரே காடாக இருக்கிறது. சாலை வெட்டிய காடு இரண்டு காடாகிவிடுகிறது.

இரண்டானால் என்ன, இரண்டிலும் விலங்குகள் வாழட்டுமே என்று தோன்றும். இதற்குப் பதில் தேடிய கதை நீளமானது. அதன் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1967-ல் ராபர்ட் மக்ஆர்தர், எட்வர்டு வில்சன் என்ற இருவர் கடல் தீவுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். சிறிய தீவில் உயிரின வகைகள் குறைவு, கரையிலிருந்து தள்ளிப்போன தீவில் இன்னும் குறைவு என்பது எல்லோரும் கண்டதே. ஏன் என்பதற்கு அவர்கள் காரணம் சொன்னார்கள். சிறிய இடத்தில் ஒவ்வொரு வகையும் சில நூறு உருப்படியாகத்தான் இருக்கும்; ஒரு பஞ்சம், ஒரு நோய், ஒரு தீ வந்தால் அற்றுப்போகும். அற்றுப்போன வகை வெளியிலிருந்து மறுபடி வந்து குடியேறினால் சரி. தூரம் கூடினால் அந்த வரத்தும் இல்லை. நிலத்திலும் இதே விதி ஓடுமா என்று பார்க்கப் பனாமா கால்வாய் ஓர் இடம் கொடுத்தது. கால்வாய்க்காக ஆற்றைத் தடுத்து ஏரி கட்டியபோது ஒரு குன்றின் உச்சி மட்டும் மூழ்காமல் பாரோ கொலராடோ என்ற தீவாக நின்றது. 1920-களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே பறவைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரும் மரம் வெட்டவில்லை, வேட்டையும் தடை. இருந்தும் பறவை வகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காடு குறையாமலே காட்டின் உயிர் குறைந்தது.

இங்கே சாலைக்கென்றே நடந்த ஓர் ஆய்வைச் சற்று நின்று பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடமேற்கே மலைகளை அறுத்துக்கொண்டு 101 என்ற பெருஞ்சாலை போகிறது. அதன் இருபுறமும் வாழும் கயோட் என்ற நாய்ச்சாதி விலங்குக்கும், பாப்கேட் என்ற காட்டுப்பூனைக்கும் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சில விலங்குகள் சாலையைக் கடக்கத்தான் செய்தன. அப்படியானால் பிரச்சினை இல்லையே? பிறகு இரத்த மாதிரிகளிலிருந்து மரபணுவைப் பார்த்தபோது, இரு பக்கமும் வேறு வேறு குடும்பங்களாகப் பிரிந்து போயிருந்தன. கடந்து போனவை அங்கே குட்டி போட்டது மிக அரிது. காரணம் சுவாரசியமானது. ஒவ்வொரு விலங்கும் தன் எல்லையை வகுத்துக்கொள்ளும்; சாலை வந்தபின் எல்லைகள் சாலையோரத்தில் வந்து முட்டி நெருக்கமாக அடைந்துகிடந்தன. சாலையைத் தாண்டி வரும் இளசு முதலில் காலை வைப்பதே அடுத்தவன் இடத்தில். துரத்தப்பட்டுவிடும். 2006-ல் வெளியான இந்த ஆய்வு ஒரு நல்ல பாடம் தந்தது: விலங்கு கடப்பது வேறு, மரபணு கடப்பது வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் மரபணு ஓட்டம் என்று பெயர்.

அந்த ஓட்டம் எவ்வளவு இருந்தால் போதும்? இங்கேதான் ஓர் ஆச்சரியம். மரபியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒரு கைக்கணக்கு உண்டு: தலைமுறைக்கு ஒரு விலங்கு ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போய் அங்கே குட்டி போட்டால், இரண்டும் மரபணு அளவில் பிரிந்துபோகாது. ஒன்று என்பது மிகக் குறைந்த அளவு, பத்து வரை இருப்பது நல்லது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். எப்படியானாலும் எண்ணிக்கை மிகச் சிறியது. இதில் நல்ல செய்தி, அகலமான காட்டுப்பாதைதான் வேண்டும் என்பதில்லை; புதர் மண்டிய ஓடைக்கரையும் இரண்டு கரடும்கூடப் போதுமானதாக இருக்கலாம். கெட்ட செய்தி, அந்த ஒரு விலங்கை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ஒரு பருவம், சில வாரங்கள் காட்டில் நடந்துவிட்டு “இப்பகுதியில் முக்கியமான வனவிலங்கு எதுவும் காணப்படவில்லை” என்று எழுதும் ஆய்வுக்குழு பொய் சொல்லவில்லை. பத்து ஆண்டில் ஓர் இரவு நடக்கும் காரியத்துக்குச் சில வாரம் காவல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஒன்றும் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வடகோடியிலேயே சாட்சி இருக்கிறது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கருப்புப் பட்டைகள் பெருகி, ஒன்றோடொன்று கலந்து, ஏறக்குறையக் கரும்புலியாகவே தெரியும் புலிகள் உலவுகின்றன. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு மாற்றம். அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் இரட்டையாக வந்தால்தான் கருப்பு வெளியே தெரியும். இந்தியாவின் மற்றக் காடுகளில் இந்த மாற்றமே அகப்படவில்லை; சிமிலிபாலிலோ மூன்றில் ஒரு புலிக்கு மேல் கரும்புலி. ஒரு சிறு கூட்டம் வெளி வரத்து இல்லாமல் தனக்குள்ளேயே பெருகியதன் முத்திரை இது. சுற்றுலாப் பயணிகளுக்குக் கரும்புலி அதிசயம். மரபியல் படித்தவருக்கு அது எச்சரிக்கை. தோலின் நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, அதே வழியில் பெருகியிருக்கக்கூடிய நோயோ மலட்டுத்தன்மையோ தெரிவதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு. மத்திய இந்தியாவில் கன்ஹா, பெஞ்ச், சாத்புரா, மேல்காட் புலிக்காடுகளில் காட்டில் கிடந்த எச்சத்தை எடுத்து டிஎன்ஏ பார்த்து, 273 புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. இடையே காட்டுப்பாதை மிச்சமிருந்த காடுகளின் புலிகள் இன்னமும் கலந்துகொண்டிருந்தன. பாதை அழிந்த இடத்தில் ஓட்டம் குறைந்திருந்தது. புலியை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல் இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

நம்மூர் மலைகளோ ஏற்கெனவே தனித்தனியாகத்தானே நிற்கின்றன, இனி எதை வெட்டப் போகிறோம் என்று கேட்கலாம். கூர்மையான கேள்வி. விடை, யாருடைய கண்ணில் தனித்தனி என்பதைப் பொறுத்தது. சேர்வராயன் மலையின் ஈர மண்ணுக்குள் ஷார்ட்டின் கேடயவால் பாம்பு என்று ஒன்று வாழ்கிறது. மண்புழு தின்னும் சாதுவான பாம்பு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதற்குச் சமவெளி எப்போதுமே கடக்க முடியாத வெயில்காடு. எத்தனையோ ஆயிரம் ஆண்டு தனித்திருந்ததால்தான் அது தனி இனமானது. அதற்கு மஞ்சவாடியில் சாலை போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். ஏற்காட்டுச் சோலையை விட்டுவைத்தால் போதும். கருநீலப் பட்டாம்பூச்சிகள் வேறு மாதிரி. கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் திரும்பவும் மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டங்கூட்டமாகப் பறப்பவை. எட்டு வழி என்ன, மாவட்டமே அவற்றுக்கு ஒரு பொழுதுப் பறப்பு. தேவாங்கு தரையில் இறங்கவே கூச்சப்படும். சாலையின் இருபுறப் புளியமரங்கள் மேலே கிளை கோத்திருக்கும்வரை அதற்கு இருவழிச் சாலை ஒரு பொருட்டில்லை, அகலப்படுத்த மரத்தை வெட்டிய நாளில் அது சுவராகிவிடும். காட்டெருமைக்கும் கரடிக்கும் இரவு நேரத்துப் புதர்க்காடும், அறுவடை முடிந்த வயலும், கரடும் நடக்கத் தகுந்த வழிதான்.

ஆக, நிலம் ஒன்று, இணைப்புகள் பல. வரைபடத்தில் பச்சை தொடர்கிறதா என்று பார்ப்பது கட்டமைப்பு இணைப்பு. இந்த விலங்கு இந்த நிலத்தில் நடக்குமா என்று பார்ப்பது செயல்வழி இணைப்பு. பின்னதுதான் உண்மையானது, அளக்கவும் கடினம்.

மலைகளுக்கு நடுவே நடக்கத் துணிந்த பெரிய விலங்குகளின் கதி என்ன என்பதும் நமக்குத் தெரியும். ஓசூர்க் காடுகளிலிருந்து கிழக்கே கிளம்பிய யானைகள் 1980-களில் சித்தூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்காகவே ஆந்திரத்தில் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. இன்னொரு சிறு கூட்டம் ஜவ்வாது மலையைச் சுற்றித் திருவண்ணாமலை மாவட்டத்துக் கரும்புக் காடுகளில் ஆண்டுக்கணக்கில் அல்லாடியது. போன வழியில் திரும்ப முடியவில்லை, நின்ற இடத்தில் போதுமான காடில்லை. 2013-ல் ‘ஆபரேஷன் மலை’ என்று பெயர் வைத்து ஆறு யானைகளையும் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து முகாம்களுக்குக் கொண்டுபோனது. எட்டுவழிச் சாலைக்குக் கோடு போட்டது இதே திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் குறுக்கேதான்.

செயல்வழி இணைப்பை எப்படி அளக்கிறார்கள்? ஒரு வழி, மின்சுற்றுக் கணக்கைக் கடன் வாங்குவது. பிராட் மெக்ரே என்பவர் 2006 வாக்கில் கொண்டுவந்த உத்தி. நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் குறிப்பிட்ட விலங்குக்கு ஏற்ற ஒரு தடை எண் கொடுக்கிறார்கள். கரடிக்குப் புதர்க்காடு குறைந்த தடை, மரவள்ளித் தோட்டம் கொஞ்சம் கூடுதல், ஊர் மிக அதிகம், தடுப்புச்சுவர் போட்ட சாலை ஏறக்குறைய முழுத்தடை. பிறகு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மின்னோட்டம் செலுத்தினால் எந்தக் கட்டங்கள் வழியே அதிகம் பாயும் என்று கணினி கணக்கிடுகிறது. எங்கே ஓட்டம் எல்லாம் ஒரே இடுக்கில் நெருங்கிப் பாய்கிறதோ, அங்கே வேறு வழி இல்லை என்று பொருள். தடை எண்களை மேசையிலிருந்தே ஊகித்துப் போட்டால் படம் அழகாக வரும், பயன் இருக்காது. கேமராப் பொறி, காலடித் தடம், எச்சம், சாலையில் அடிபட்ட உடல்கள், ஆடு மேய்ப்பவர் சொல்வது என்று களத்தில் சரிபார்த்தாக வேண்டும்.

மஞ்சவாடி கணவாய் அப்படி ஓர் இடுக்காக இருக்க எல்லா லட்சணமும் உண்டு. இருபுறமும் மலை, நடுவே குறுகிய வெளி. பொறியாளரும் விலங்கும் மலையைக் கடக்க ஒரே இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனென்றால் இருவருக்கும் ஏற்றம் பிடிக்காது.

இதைக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது, அரைகுறையாக. 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் முதல் படிவமே, 15 கிலோமீட்டருக்குள் முக்கியமான உயிரினங்கள் கூடு கட்டும், இரை தேடும், தங்கும், இடம்பெயரும் பகுதிகள் உண்டா என்று கேட்கிறது. கேட்பது பெயரும் வான்வழித் தூரமும்தான். எந்த விலங்கு, எந்த மலையிலிருந்து எந்த மலைக்கு, திட்டம் வந்தபின் அந்த வழி மிஞ்சுமா என்று கேட்பதில்லை. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்த 38-ஓ பிரிவு, புலிகள் காப்பகத்தையும் மற்றப் பாதுகாக்கப்பட்ட காடுகளையும் இணைக்கும் பகுதிகளுக்குக் காவல் தருகிறது. நல்ல பிரிவு. ஆனால் சேர்வராயனும் ஜருகுமலையும் போதமலையும் கொல்லிமலையும் வெறும் காப்புக்காடுகள். சரணாலயமும் இல்லை, புலியும் இல்லை. யானை வழித்தடங்களின் பட்டியல்களிலும் இந்த மலைகளுக்கு வேலை இல்லை. சட்டத்தின் கண்ணில் இங்கே இணைக்க எதுவுமே கிடையாது.

அதனால்தான் எட்டுவழிச் சாலையைவிடக் கரடுகளைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். சாலைக்கு வழக்குப் போட ஆள் இருந்தது. கரடுகள் சத்தமில்லாமல் ஜல்லியாகப் போகின்றன. மலைக்கும் மலைக்கும் நடுவில் விலங்கு ஒரு பகல் ஒண்டிக்கொள்ள இருக்கும் இடம் கரடுதான். சூழலியலில் படிக்கல் வாழிடம் என்பது இதையே. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கமும் வந்தது. ஆனால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாக நான்கு கரடுகளில் நான்கு குவாரி வந்தால், ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு, ஒவ்வொன்றிலும் பாதிப்பு சொற்பம். நான்கும் சேர்ந்து இரண்டு மலைகளுக்கு நடுவிலிருந்த ஒரே வழியை மூடியிருக்கலாம்; அதை எழுத எந்தக் கோப்பிலும் பத்தி இல்லை. சரணாலயம், காப்புக்காடு போன்றவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021 நவம்பரில் விதி போட்டது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டது. சரணாலயம் உள்ள மாவட்டங்களுக்கு விதி இன்னும் மிஞ்சியிருக்கிறது. சேலம், நாமக்கல் மலைகளுக்கு அனேகமாக ஒன்றுமில்லை.

எட்டுவழிச் சாலை வழக்கில் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குமுன் வாங்கினால் போதும். சட்டத்தின்படி அது சரியான வாசிப்பாகவே இருக்கட்டும். அறிவியலின்படி வரிசை தலைகீழ். வாழிட இணைப்பில் முக்கால்வாசி முடிவு, கோட்டை எங்கே போடுவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. சர்வே எண்கள் அச்சாகி, கல் நட்டபிறகு வரும் ஆய்வாளர் “இங்கே ஒரு சிறுபாலம், அங்கே ஒரு வேலி” என்று கேட்கத்தான் முடியும்.

சிறுபாலமும் வீணில்லை, சரியான இடத்தில், சரியான அளவில் கட்டினால். சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுப்போகும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலை வடக்கே பெஞ்ச் புலிக்காட்டையும் அறுத்துக்கொண்டு போகிறது. நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் பலர் அந்த இடத்தைத் தாண்டியிருப்பார்கள். அங்கே நான்குவழியாக்கும்போது, நீதிமன்றத்தின் அழுத்தமும் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் ஆய்வும் சேர்ந்து, மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் விலங்குகளுக்கென ஒன்பது கடவுப்பாலங்களைக் கட்டவைத்தன. மிக நீளமானது 750 மீட்டர். சாலை தூண்கள்மேல் போகிறது, கீழே காடு தொடர்கிறது. கேமரா வைத்துப் பார்த்தபோது 2019-ல் 18 வகை விலங்குகள் அவற்றைப் பயன்படுத்தின. 11 புலிகள் 89 தடவை கடந்தன. நீர் வடிய வைக்கும் குழாயையே விலங்குக் கடவு என்று அறிக்கையில் எழுதிக் கணக்குக் காட்டும் வேலை இதில் சேராது. புலி இருந்ததால்தான் பெஞ்சுக்கு இது கிடைத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

எட்டுவழிச் சாலை இன்னும் போடப்படவில்லை. ஆனால் சாலை அகலப்படுத்துவதும் குவாரியும் இந்த இரு மாவட்டங்களில் நின்றபாடில்லை. பெரிய திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வைக்க வேண்டும். அந்த அறிக்கையில் எத்தனை ஏக்கர் என்ற அட்டவணையைத் தாண்டிப் போய், எந்த மலைக்கும் எந்த மலைக்கும் நடுவே என்ற கேள்விக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகாமலும் அனுப்பலாம், அது பதிவாகும். உங்கள் ஊர்க் கரட்டில் கரடியோ காட்டெருமையோ கடந்ததைப் பார்த்திருந்தால் தேதி, இடம், நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். ஒரு பருவம் வந்து போகும் ஆய்வுக்குழுவுக்கு அகப்படாத தகவல் அது.